குளக்கட்டில் ஒரு மண்டையோடு

சிவப்புப் பலகை, அதில் வெள்ளை மண்டையோடு, கீழே குறுக்காக இரண்டு எலும்பு. வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. போர் முடிந்து ஊர் திரும்பியபோது மிதிவெடி இருந்த காணிகளிலெல்லாம் அதுதான் நின்றது. அதைக் கண்டால் மாடு தேடிப் போனவரும் மாட்டை விட்டுவிட்டுத் திரும்புவார். வெடிகளெல்லாம் அகற்றிப் பல வருடங்களுக்குப் பிறகு, கிளிநொச்சிப் பக்கத்துச் சின்னக் குளமொன்றின் கட்டில் அதே பலகையை நட்டார் எங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்.

அதற்கு முன் முறைப்படி எல்லாம் செய்து பார்த்திருந்தார். குளத்துக்கு மேலேயிருந்த அரிசி ஆலை, நெல் அவித்த தண்ணீரை வாய்க்கால் வழியே குளத்துக்குள் விட்டது. குளம் கறுத்து, புளித்து நாறியது. குளித்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சிரங்கு. ஒரு சிறுமிக்குக் காதில் சீழ் பிடித்து வவுனியா ஆஸ்பத்திரி வரை கொண்டுபோனார்கள். அவருடைய அலுவலகத்திலிருந்து ஆலைக்குப் போன கடிதங்களையெல்லாம் தட்டச்சு செய்தவள் நான். பதில் வந்ததேயில்லை. புதுவருடத்துக்கு ஆலைக் கலண்டர் மட்டும் தவறாமல் வந்தது. 'இங்கு குளிக்க வேண்டாம்' என்று முதலில் வைத்த நீல எழுத்துப் பலகையில் பிள்ளைகள் சட்டையைக் கொழுவிவிட்டுக் குதித்தார்கள்.

மண்டையோட்டின் கீழ் 'ஆபத்து. தண்ணீரில் இறங்காதீர்கள்' என்றுதான் எழுதியிருந்தார். யாரும் கிட்டப் போய் அதை வாசிக்கவில்லை. அன்றே குளம் வெறிச்சோடியது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இவ்வளவு பட்ட சனத்தை இன்னொரு தடவை பயப்படுத்த வேண்டுமா என்று நேரே கேட்டேன்.

"பயப்பட வேண்டிய தண்ணிக்குத்தானே பயப்படுத்துறன், தங்கச்சி," என்றார்.

இன்று அந்தக் குளத்தில் பிள்ளைகள் நீந்துகிறார்கள்; ஆலைத் தண்ணீர் தனிக் குழிக்குப் போகிறது. ஒருவரும் மனமிரங்கித் தந்ததல்ல அது. பரிசோதகர் பீதி கிளப்புகிறார் என்று ஆலை முதலாளி முறைப்பாடு கொடுத்தார். விசாரிக்க ஒரு மேலதிகாரி குளக்கட்டுக்கே வந்தார். முதலாளியும் வந்தார்; ஊரும் திரண்டது. குறிப்பெடுக்க என்னையும் கூட்டிப்போனார்கள். பலகையைப் பிடுங்கச் சொன்னார் அதிகாரி. கூட வந்த தொழிலாளிகள் இருவரும், "நாங்கள் மாட்டம் சேர்," என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நானே கழட்டுறன் சேர்," என்றார் பரிசோதகர். "முதலாளி ஒருக்கா உதுக்குள்ள இறங்கிக் காட்டட்டும். என்னை வேலையால நிப்பாட்டினாலும் அதுக்கு முதல் கழட்டமாட்டன்."

முதலாளி ரோசக்காரர். வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் மட்டும் இறங்கி, இரண்டு கையாலும் தண்ணீரை அளைந்துவிட்டுச் சிரித்தபடி ஏறி வந்தார். "பாத்தியளோ? எனக்கு என்ன நடந்தது?"

அவர் தன் கையை மெல்ல மோந்து பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து இரகசியமாகக் கேட்டார்: "பிள்ளை, கை கழுவ வாகனத்தில சவுக்காரம் இருக்கோ?"

நான் குறிப்பெடுக்க வந்தவள். "முதலாளி சவுக்காரம் கேட்டார்," என்று குளக்கட்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிச் சொல்லி எழுதினேன். அதிகாரி தாளை வாங்கி வாசித்தார். அந்த வரிக்குக் கீழேயே கையெழுத்து வைத்துவிட்டு, "ஆலைத் தண்ணிக்குத் தனிக் குழி வெட்டும் வரைக்கும் பலகை நிக்கட்டும்," என்றார்.