பெயர் வரிசையும் ரெஜிஸ்ட்ரி கிளீனரும்

கணினி பழுதுபார்க்கும் தொழிலில் திருப்புளியைக் கையில் எடுப்பது இரண்டாவது வேலை. இந்தப் பெட்டிக்கு ஏற்கெனவே யார் யார் வைத்தியம் பார்த்தார்கள் என்று விசாரிப்பதுதான் முதல் வேலை. பாதிப் பேர் ஒரே வைத்தியரைத்தான் சொல்வார்கள்: கணினியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் கிளீனர் மென்பொருள். உங்கள் திரையின் மூலையிலும் ஒரு துடைப்பம் நின்றுகொண்டு, ஆயிரக்கணக்கான பிழைகள் இருக்கின்றன, உடனே சரிசெய்யுங்கள் என்று பயமுறுத்திக்கொண்டிருக்கும். அந்தப் பயத்தில் நீங்களும் ஒரு முறையாவது பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். பாளையங்கோட்டையில் கடை வைத்திருக்கும் எனக்கு ஒரே வாரத்தில் வாய்த்த சிலரைப் பற்றிச் சொல்கிறேன். இவர்களில் உங்களுக்குச் சொந்தக்காரர் யாராவது இருக்கக்கூடும்.

திங்கட்கிழமை வந்த பெட்டி

ஜெசிந்தா கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர். வீட்டு முன்னறையில் இருக்கும் ஒற்றைக் கணினிதான் அவர் பிழைப்பு. அது திறப்பதற்குள் காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவிவிடலாம் என்றார். பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் தளர்ந்துபோயிருந்தது. எஸ்.எஸ்.டி. என்ற வேகமான புது டிஸ்க் போட்டு எல்லாவற்றையும் அப்படியே அதற்கு மாற்றிவிட்டால் போதும். அது மதுரையிலிருந்து புதன்கிழமை வந்துவிடும் என்றேன்.

வியாழக்கிழமை காலை அவருடைய பத்திரிகை ஒன்று அச்சுக்குப் போயாக வேண்டும். நம் பக்கத்துப் பத்திரிகைகளில் மணமக்கள் பெயர் ஏதோ ஓர் இடத்தில் இருக்கும். மற்ற இடமெல்லாம் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன். யாருக்கு மேலே யார் என்று இரண்டு வீட்டாரும் பல வாரம் மல்லுக்கட்டி, ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவழியாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதை மறுபடி அடித்துத் திருத்தம் பார்க்கக் கொடுத்தால் சண்டை முதலிலிருந்து தொடங்கும். வேலை வேறு கடைக்குப் போய்விடும், பின்னாலேயே அந்த இரண்டு குடும்பத்துச் சொந்தங்களும் போய்விடுவார்கள். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு ஜெசிந்தா சொன்னார்: "அண்ணாச்சி, எதை வேணும்னாலும் கழத்துங்க. அந்தப் பேர் வரிசைக்கு மட்டும் ஒண்ணும் ஆயிரக் கூடாது. ஒரு சித்தப்பா ஒரு வரி கீழ எறங்கிட்டாருன்னாலும் நான் ஊர்ல இருக்க முடியாது."

தினமும் பெருக்குபவர்

சாமுவேல் சார் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். ஜெபம், காபி, கிளீனர் என்ற வரிசையில் நாளைத் தொடங்குபவர். தினமும் பிழைகளை அழிக்கிறேன், வேகம் மட்டும் வரவில்லை என்று செவ்வாய்க்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். ரெஜிஸ்ட்ரி என்பது எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் குறித்துவைக்கும் இடம். அதில் பழைய குறிப்பு நாலு கிடந்தால் கணினி மெதுவாகாது. எடுத்தால் வேகம் கூடவும் செய்யாது. வேண்டிய குறிப்பு ஒன்று போய்விட்டால்தான் தகராறு என்று விளக்கினேன். டிஸ்க் நிரம்பி வழிந்தால் தற்காலிகக் கோப்புகளை அழிக்கலாம், அதற்கு விண்டோஸிலேயே வசதி இருக்கிறது, வெளியாள் தேவையில்லை என்றும் சொன்னேன்.

கணக்கு ஆசிரியர் அல்லவா, நிரூபிக்கச் சொன்னார். அவர் முன்னாலேயே கிளீனரை ஓட்டினேன். எல்லாம் சுத்தம் என்றது. உடனே மறுபடி ஓட்டினேன். இன்னும் சில பிழைகளைக் கண்டுபிடித்தது. மூன்றாம் முறையும் வெறுங்கையோடு வரவில்லை. சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க சொல்லுதது சரிதான் தம்பி. ஆனா வீட்டையும் பெருக்கிட்டு நிமிந்து பாத்தா தூசி கெடக்கத்தானே செய்யுது. கிளீனர் அது பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும்."

பச்சை விளக்கு

பத்தமடையில் கோரைப்பாய் வியாபாரம் செய்யும் மைதீன் பாயின் கணினி திடீர் திடீரென்று அணைந்தது. விளம்பரத்தைப் பார்த்து ஒரு சுத்தம் செய்யும் மென்பொருளுக்கு வருடச் சந்தா கட்டியிருந்தார். அது வேலையை முடித்து, கணினி பூரண நலம் என்று பச்சை விளக்கைக் காட்டியது. காட்டிய கையோடு கணினி அணைந்தது. புதன்கிழமை காலை நான் போய்ப் பக்கத்து மூடியைக் கழற்றினேன். கோரைத் துரும்பும் தூசியும் சேர்ந்து விசிறியைச் சுற்றி ஒரு குட்டிப் பாயே முடைந்திருந்தது. வாசலுக்குக் கொண்டுபோய் பிரஷ்ஷாலும் புளோயராலும் சுத்தம் செய்தேன். சூடு இறங்கியது, அணைவது நின்றது. அந்தக் கோரை உருண்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மைதீன் பாய் கேட்டார்: "உள்ள ஆயிரம் தப்பு இருக்குன்னு எண்ணி எண்ணிச் சொன்னானே வே. கண்ணு முன்னால கெடந்த இது ஒண்ணு தெரியலையாக்கும் அவனுக்கு?"

ஓடும் பட்டை

இசக்கிமுத்து கடையில் என் கூட்டாளி. எந்தப் பெட்டி வந்தாலும் சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து கிளீனரை ஓட்டிவிடுவான். அதில் அவனுக்கே பெரிய நம்பிக்கை கிடையாது. நாங்குநேரியிலிருந்து வந்த ஓர் அரிசி ஆலைக்காரரின் கணினியில், தானாகத் திறந்துகொள்ளும் தேவையில்லாத நிரல்களை நான் நிறுத்திவைத்தேன். கணினி சட்டென்று திறந்தது. அவர் நகரவில்லை. ஒன்றுமே செய்யவில்லையே என்று நின்றார். இசக்கி கிளீனரை ஓட்டினான். திரையில் பட்டை நீண்டது, எண்கள் ஓடின. அவர் திருப்தியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இசக்கி சொன்னான்: "நீரு செஞ்சதுல மெஷின் ஓடுது. நான் செஞ்சதுல ஆளு நம்புதான். ரெண்டும் வேணும்லா வே."

சும்மா கிடந்த பெட்டி

நான் பத்தமடைக்குப் போயிருந்தபோது, ஜெசிந்தாவின் பெட்டி சும்மாதானே கிடக்கிறது என்று இசக்கி அதிலும் கிளீனரை ஓட்டியிருந்தான். அழிக்குமுன் ஒரு நகல் வைக்கட்டுமா என்று அது கேட்டதாம். நேரமாகும் என்று வேண்டாம் என்றிருக்கிறான். பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் தானாக எடுத்துவைத்திருந்த நகலையும் கிளீனர் வீண் இடம் என்று சேர்த்தே கூட்டித் தள்ளிவிட்டது. ஜெசிந்தா தமிழ் எழுத்துருக்களையும் தட்டச்சு மென்பொருளையும் வெளியிலிருந்து செருகும் ஒரு டிஸ்கில் வைத்திருந்தார். அது அவர் வீட்டில் இருந்தது. ஆகவே அவற்றைப் பற்றிய குறிப்புகளெல்லாம் ஆளில்லாதவை என்று கிளீனர் அழித்துவிட்டது.

அன்று மாலை டிஸ்கோடு வந்த ஜெசிந்தா பத்திரிகையைத் திறந்தார். தாய்மாமன்களும் சித்தப்பாக்களும் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாக நின்றார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இசக்கி சட்டைப்பையின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டான்.

நான் டிஸ்கிலிருந்து எழுத்துருக்களை மறுபடி நிறுவினேன். பெயர்கள் தமிழுக்குத் திரும்பின. ஜெசிந்தா திரையில் விரலை வைத்து ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரும் இடம் மாறவில்லை. ஆனால் தட்டச்சு மென்பொருள் உரிம எண் கேட்டு நின்றுவிட்டது. அதை விற்ற நிறுவனம் மூடி வெகுகாலம். பத்திரிகையைப் பார்க்கலாம், அச்சிடலாம். புதிதாக ஓர் எழுத்து அடிக்க முடியாது.

அந்த நேரம் பார்த்து மணப்பெண்ணின் அப்பா சங்கரபாண்டியன் வந்தார். "எம்மா, நீ இங்கன இருக்கன்னு வீட்ல சொன்னாக. ஒண்ணுமில்ல, மச்சினன் ஒருத்தன் பேரு விட்டுப்போச்சு. அதைச் சேத்துரு. மாப்பிள வீட்லயும் ஒரு பேரு கேப்பாக, அதையும் சேத்துரு."

"அண்ணாச்சி, இனி ஒரு எழுத்துக்கூட அடிக்க முடியாது. மெஷின் பூட்டிக்கிட்டு" என்றார் ஜெசிந்தா.

அவர் என்னைப் பார்த்தார். உண்மைதான் என்றேன். வேறு எழுத்தில் சேர்த்தால் அந்தப் பெயர் மட்டும் ஒட்டாமல் தெரியும், வேண்டுமென்றே தள்ளிவைத்ததுபோல் இருக்கும் என்றேன். அவர் சம்பந்திக்குப் போன் போட்டார். பேசி முடித்தபோது முகம் தெளிந்திருந்தது. "அவுகளும் இத்தோட விடுங்கன்னுட்டாக. மச்சினன் கேட்டா மெஷினைக் கைகாட்டிருதேன்" என்று கிளம்பினார்.

எல்லாவற்றையும் எஸ்.எஸ்.டி.க்கு மாற்றிக் கொடுத்தேன். வியாழக்கிழமை பத்திரிகை அச்சேறியது. மூடிய நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவரைத் தேடிப் பிடித்து, மறுவாரம் இசக்கி உரிமத்தை மீட்டுக் கொடுத்தான். இனி வழக்கம்போல் அடிக்கலாம் என்று சொன்னதும், ஜெசிந்தா கடை வாசலை ஒரு முறை பார்த்துவிட்டுப் மெல்லச் சொன்னார்: "அண்ணாச்சி, சரியாயிட்டுன்னு மட்டும் ஊருக்குள்ள யார்ட்டயும் சொல்லிராதீங்க, என்ன."

ரெஜிஸ்ட்ரி கிளீனரால் ஒருவருக்கு நன்மை விளைந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் அது கெடுத்துவைத்த இடத்தில்.