நான்கு நிலை குறைந்த கோபுரம்

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் போர்டு எழுதும் கடை ஒன்றில் கிடந்தேன். எட்டாம் வகுப்போடு நின்று நாலைந்து ஊர் சுற்றிவிட்டு வந்த எனக்கு அங்கே வேலையும் படுக்க இடமும் கிடைத்தன. அரசு ஜீப்போ அலுவலகப் பலகையோ, கோபுரச் சின்னம் வரைவது என் வேலை. சின்னத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்துக்குப் பதினோரு நிலை. சின்னப் பலகையில் அத்தனையும் அடங்காது என்று ஏழோடு நிறுத்திக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டும் அந்த ஏழைப் போட்டுவிடுவேன்.

எனாமலில் பிழை வந்தால் காயவிட்டு மேலே இன்னொரு பூச்சு கொடுத்தால் மறைந்துவிடும். வாட்டர் கலரில் அது நடக்காது. தெரிந்தும் அந்தக் கோபுரத்தை நேரில் பார்த்து வாட்டர் கலரில் வரையும் ஆசை விடவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் கலர் பெட்டி ஒன்றோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். கோபுரம் முழுதாகத் தெரியும் தெருமுனையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து வரைந்தேன். அந்தத் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் முந்தின வாரம் வெட்டுக்குத்து நடந்து ஒருவன் செத்திருந்தது எனக்குத் தெரியாது.

படம் முடியும் நேரத்தில் முதுகில் மிதி விழுந்தது. முகம் தரையில் மோதி உதடு கிழிந்தது. ஒரு பல் மண்ணில் கிடந்தது. நாலு பேர். ஒருவன் கையில் சைக்கிள் செயின்.

"ஏலே, யாரு அனுப்புனது? எங்க தெருவ வேவு பாக்கியா?"

"போர்டு எழுதுறவண்ணே. கோபுரத்தத்தான் வரைஞ்சேன்."

செயின்காரன் தாளை எடுத்து நிதானமாக எண்ணினான்.

"ஏழுதான இருக்கு? நாலு நெலையக் காணோம். ஆனா எங்க அண்ணன் வீட்டுல ரெண்டு ஓடு பேந்து கெடக்கதக்கூட விடாமப் போட்டிருக்க. பக்கத்துச் சந்து வரைக்கும் இருக்கு. நீ எதலே பாத்துக்கிட்டிருந்த?"

அவன் சொன்னது சரி. வீடுகளை அதற்கு முன் வரைந்ததில்லை, அதனால் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தேன். கோபுரத்தைக் கை பழக்கத்தில் போட்டுவிட்டது.

செயின் தோளில் இரண்டு முறை விழுந்தது. வலது கையை ஒரு வாசற்படியில் அழுத்திப் பிடித்தார்கள். இன்னொருவன் அம்மிக் குழவியைத் தூக்கி வந்தான். அந்த வீட்டுப் பெண் கதவருகில் நின்று, "செத்த பொறுங்க. ஒடிக்கதுக்கு முன்னாடி நம்ம செவுத்துல பேர எழுதச் சொல்லுங்க, ஓசியில ஆகட்டும்" என்றாள். சிரித்தார்கள். குழவி சுண்டுவிரலில் இறங்கியது. அடுத்த விரலுக்கு ஓங்கினான்.

"பாத்து வரைஞ்சு காட்டுதேன்" என்று கத்தினேன்.

செயின்காரன் குழவியைத் தடுத்தான். "வரை. பதினொண்ணு வரணும். ஒண்ணு கொறஞ்சாலும் மிச்ச வெரலு இல்ல."

தாளைத் திருப்பிப் போட்டு மூன்று விரலில் பிரஷைப் பிடித்தேன். ஒவ்வொரு நிலைக்கும் நிமிர்ந்து பார்த்தேன். மேலே போகப்போக அது எப்படிக் குறுகுகிறது என்பதை அன்றுதான் கண்டேன். மூன்றாம் நிலையில் ரத்தம் சொட்டியது. துடைத்தேன், இன்னும் பரவியது. பிறகு துடைக்கவில்லை. அவர்கள் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார்கள். பதினொன்று வந்ததும் செயின்காரன் தாளை இரண்டாகக் கிழித்தான். கன்னத்தில் ஓர் அறை விட்டு, "ஓடிப் போயிரு" என்றான்.

பத்து நாளில் அந்த ஓடு பெயர்ந்த வீட்டைப் பக்கத்துத் தெருக்காரர்கள் கொளுத்திவிட்டார்கள். அவர்களுக்கு என் படம் தேவைப்படவில்லை.

விரல் கோணலாகவே கூடியது. அதன்பின் முதலில் வந்த வேலை ஒரு ஜீப் பலகை. பென்சிலால் பதினோரு கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டு எதுக்குடே? ஏழு போதும். எவன் எண்ணப் போறான்?"

"எண்ணுவாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கோட்டைப் போட்டேன்.