ஆட்டோ ரினியூவல்

எங்கள் குடும்பத்தில் ஒரு சிரிப்புக் கதை உண்டு. விசேஷ வீட்டில் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது அக்காவிடம், "அந்த ஆட்டோ கதயச் சொல்லு" என்பார்கள். அக்கா சொல்வாள். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, "ஆட்டோ ரினியூவல் போட்டுடலாமா சார்?" என்று கேட்டாளாம். பாலிசி முடிந்ததும் வருஷா வருஷம் தானாகவே பணம் எடுத்துப் புதுப்பித்துக்கொள்ளலாமா என்பது அவள் கேள்வி. ஆட்டோ ஓட்டுகிற என் மாமா, அக்காவின் வீட்டுக்காரர், தன் ஆட்டோவுக்கு ரினியூவல் என்று நினைத்துக்கொண்டு, "தாராளமா போடும்மா, ஆட்டோதானே நமக்கு எல்லாம்" என்று சொல்லிவிட்டாராம். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். மாமாவும் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அந்தப் போனில் பேசியது நான்தான்.

மாமா முதலில் கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் வாடகை ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தனியார் பேங்க்கில் லோன் போட்டுச் சொந்தமாக ஒன்று எடுத்தார். அவருக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும். ஆனால் பேங்க் நீட்டிய காகிதமெல்லாம் இங்கிலீஷ். பி.காம். படித்த மச்சான் எதற்கு இருக்கிறான்? பக்கத்தில் உட்கார்ந்து, "இங்க ஒண்ணு போடுங்க மாமா, இங்க ஒண்ணு" என்று நான் விரல் வைத்த இடத்திலெல்லாம் அவர் கையெழுத்துப் போட்டார். போன் நம்பர் கேட்ட கட்டத்தில் என் நம்பரை எழுதினேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அப்போது இருந்தது என்னுடைய செல்போன் ஒன்றுதான். லோனோடு வண்டிக்கு ஒரு வருஷ இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். மாமாவின் பேருக்கு ஒரு விபத்துப் பாலிசியும் முதல் வருஷத்துக்கு இலவசமாக உறைக்குள் வந்தது. "இது என்னா மச்சான்?" என்று கேட்டார். "சும்மா ஃபார்மாலிட்டி மாமா, உள்ள வச்சிடுங்க" என்றேன். நான் அதைப் பிரித்துப் பார்க்கக்கூட இல்லை.

அடுத்த வருஷம் அந்தப் போன் வந்தபோது நான் சிதம்பரத்தில், வேலை செய்த மொத்த மருந்துக் கடையில் ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தேன். காலில் டானிக் பெட்டி, கையில் பேனா, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். மாமாவின் பெயரைச் சொல்லி, "அவர்தானே சார் பேசறது?" என்றாள் அந்தப் பெண். "ஆமா" என்றேன். இதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. கேஸ் புக் பண்ணும்போது நான் அப்பா ஆவேன், கரண்ட் ஆபீசுக்கு நான் சித்தப்பா ஆவேன். நான் அவர் இல்லை என்று சொன்னால் அவரைக் கூப்பிடு என்பார்கள், அவர் ஏதோ சவாரியில் இருப்பார், வேலை முடியாது. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

அவள் என்னவோ வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். என் காதில் இன்சூரன்ஸ் என்பது விழுந்தது, முடியப்போகிறது என்பது விழுந்தது. ஆட்டோ ரினியூவல் என்பது மட்டும் பளிச்சென்று விழுந்தது. மாமாவுக்கு ஆட்டோ, ஆட்டோவுக்கு இன்சூரன்ஸ், அதுக்கு ரினியூவல். "போட்டுடுங்க" என்றேன். தொகையைச் சொன்னாள். இவ்வளவு கம்மியாக இருக்கிறதே என்று ஒரு நொடி நினைத்தேன். பரவாயில்லை, நல்ல கம்பெனி என்று அடுத்த நொடி நினைத்தேன்.

சாயங்காலம் கடலூர் திரும்பியதும் நேரே ஸ்டாண்டுக்குப் போய், "மாமா, ஆட்டோ இன்சூரன்ஸ் வேல முடிஞ்சிடுச்சி. பணம் அக்கவுண்ட்லேருந்து அவுங்களே எடுத்துக்குவாங்க" என்றேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியா, ஒரே போனு. ஆபீசு ஆபீசா அலையறீங்களே நீங்கல்லாம்" என்று மற்ற டிரைவர்களிடம் சொல்லி, எனக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார். நானும் பெரிய மனுஷன் மாதிரி நின்று சாப்பிட்டேன்.

மழைக்காலம் தொடங்கிய சமயம், மஞ்சக்குப்பத்தில் வண்டியை மடக்கினார்கள். காலை நேரம். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மாமாவின் நிரந்தர வருமானம் அந்த ஸ்கூல் சவாரிதான், லோன் டியூவை அதை நம்பித்தான் ஒத்துக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ் பேப்பரைப் பார்த்த போலீஸ்காரர், முடிந்து மாசக்கணக்காகிறது என்றார். "கட்டியாச்சு சார். எம் மச்சான் கட்டிட்டாரு. பேப்பர் வரணும், அவ்ளோதான்" என்று மாமா அடித்துச் சொன்னாராம். அதை எத்தனை நம்பிக்கையாகச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் வேறு ஆட்டோவில் ஏறிப் போனார்கள். மறுநாளிலிருந்து அந்த வேறு ஆட்டோவிலேயே போனார்கள். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில் பிள்ளைகளை ஏற்றினாயே என்று ஒரு தாய் வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார். அபராதத்துக்கும் புது இன்சூரன்ஸுக்கும் தண்டலுக்குக் கடன் எடுத்தார். தண்டல்காரர் தினமும் பொழுது சாய்ந்ததும் ஸ்டாண்டுக்கு வந்து வசூல் பண்ணிக்கொண்டு போவார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. முழுக்க முழுக்க அந்தக் கம்பெனி மேல். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் புதுப்பித்தது ஆட்டோவை இல்லை, ஓசியில் வந்த அந்த விபத்துப் பாலிசியை. "ஆட்டோன்னு சொல்லி ஏமாத்தியிருக்காங்க மாமா. நான் விடமாட்டேன்" என்று குதித்தேன். பேங்க்கில் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கம்பெனியில் கேட்டால் சென்னைக்கு எழுதுங்கள் என்றார்கள். எழுதினேன். மாமாவைப் போலவே எழுதினேன், "எனது வாகனத்துக்கு" என்று. வேண்டாத பாலிசியை ரத்து செய், எடுத்த பணத்தைக் கொடு. வாடிக்கையாளர் போனில் சம்மதித்திருக்கிறார் என்று பதில் வந்தது. அப்படியானால் அந்தப் பேச்சைப் போட்டுக் காட்டு என்று திரும்பவும் எழுதினேன். அவர்களிடம் அப்படி ஒன்று இருக்கவே இருக்காது என்று சத்தியம் பண்ணாத குறையாக மாமாவிடம் சொன்னேன்.

இருந்தது. பாரதி ரோட்டில் மாடியில் இருந்த அவர்கள் ஆபீசுக்கு வரச்சொன்னார்கள். டை கட்டிய ஒரு தம்பி, என் வயசுதான் இருக்கும். எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். நான் மேஜையைத் தட்டி, "படிக்காதவங்கன்னா எது வேணா பண்ணலாமா? என்ன சொல்லி எடுத்தீங்க, அதப் போடுங்க மொதல்ல" என்றேன். அவன் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான்.

முதலில் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. அன்று எனக்கு வேகமாகக் கேட்டது, அந்த அறையில் நிறுத்தி நிதானமாகக் கேட்டது. பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி என்று இரண்டு தடவை சொன்னாள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்குக் கிடைக்கும் என்றாள். ஒவ்வொன்றுக்கும் "ம்ம், ம்ம்" என்று ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான். பின்னால் டானிக் பெட்டியை நகர்த்தும் சத்தம். "ஆட்டோ ரினியூவல் போட்டுடலாமா சார்?" "ஆட்டோ ரினியூவல்தானே, போட்டுடுங்க, போட்டுடுங்க. நான் கொஞ்சம் வேலையா இருக்கேன்." மேஜை மேல் இருந்த என் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தம்பி மாமாவைப் பார்த்து, "இது உங்க குரல்தானே சார்?" என்றான். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தான். என் குரலை இப்போதுதானே உரக்கக் கேட்டிருந்தான். "இல்லன்னா சொல்லிடுங்க, ரீஃபண்டுக்கு எழுதிடறேன். ஆனா வேற யாரோ உங்க பேர்ல பேசினாங்கன்னு ஆவும். ஆள்மாறாட்டம். மேல போலீஸ் கம்ப்ளெய்ண்ட்னு கூடப் போவாங்க, அது என் கையில இல்ல."

அப்போது நான் அரசாங்கப் பரீட்சை எழுதித் தேர்வாகி, வேலை உத்தரவுக்குக் காத்திருந்தேன். போலீஸ் விசாரணை முடிந்துதான் உத்தரவு வரும். மாமாவுக்கும் அது தெரியும். ஸ்டாண்ட் முழுக்க அவர்தானே சொல்லி வைத்திருந்தார்.

பேசவேண்டியது நான். வாயைத் திறந்தால் போதும். அந்தத் தம்பி நல்லவன், எடுத்துச் சொன்னால் ஏதாவது வழி செய்திருப்பான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங் குரல்தான் சார்" என்றார் மாமா. "ஆட்டோன்னதும் வண்டிக்குன்னு நெனச்சிட்டேன். என் மேலதான் தப்பு."

கீழே இறங்கி வரும்போது படியில் அவர் முன்னால் போனார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, "ஏறு மச்சான். ஆர்டரு எப்ப வருமாம்?" என்று கேட்டார். நான் பின் சீட்டில் சவாரி மாதிரி உட்கார்ந்து வந்தேன். வழியில் ஒரு இடத்திலாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இன்ஜின் சத்தத்தில் கேட்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் அக்காவிடமும் அவர் அதையேதான் சொன்னார், போனில் பேசியது தான்தான் என்று. அக்கா பல நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளைகளின் சவாரி போனதற்கும் தண்டலுக்கும் அவரைத்தான் வாய்க்கு வந்தபடி ஏசினாள். நான் போகும்போதெல்லாம், "இவரு பண்ண வேலயப் பாத்தியாடா" என்பாள். நான் சொம்புத் தண்ணீரைக் குடித்து முடிக்கவே முடியாதவன் மாதிரி குடித்துக்கொண்டிருப்பேன்.

பாலிசியை இனிமேல் புதுப்பிக்கவேண்டாம் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்திருந்தோம். அப்படியும் அடுத்த வருஷம் தானாகவே பணத்தை எடுத்துவிட்டார்கள். இந்தத் தடவை என் பக்கம் நியாயம் இருந்தது. விடாமல் எழுதினேன், மேல் அதிகாரிக்கு எழுதினேன், புகார் வாங்கும் இடத்துக்குப் போவேன் என்று மிரட்டினேன். பணம் முழுசாகத் திரும்பி வந்தது. "எம் மச்சான் வாங்கிக் குடுத்தாரு. நான் கோட்ட விட்டத அவருதான் நிமித்தினாரு" என்று மாமா ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டிருப்பதை நான் என் காதால் கேட்டேன். இது எனக்கு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

வேலை உத்தரவு வந்தது. சிதம்பரத்துக்கே குடிபோனேன். கல்யாணம் ஆனது. மாமா தண்டலை அடைத்தார், ஸ்கூல் சவாரி மட்டும் திரும்பவே இல்லை. லோன் முடிகிற வரைக்கும் விடியற்காலை ரயிலுக்கும் ராத்திரி கடைசி பஸ்ஸுக்கும் ஓடினார். அக்காவின் கோபம் ஆறி, கதையாகி, கதை சிரிப்பாகியிருந்தது. ஒவ்வொரு விசேஷத்துக்கும் அதில் ஒரு வரி கூடியது. "ஆட்டோதானே நமக்கு எல்லாம்" என்பதெல்லாம் அக்காவே சேர்த்துக்கொண்டது.

கடைசியாக அதைக் கேட்டது என் மகளின் காதுகுத்து அன்றைக்கு, 2012இல், சிதம்பரத்தில் என் வீட்டில். என் மாமனார் வீட்டு ஆட்களுக்குக் கதை புதுசு. சம்பந்தி முறையில் ஒருவர் சிரித்து முடித்து, "ஆட்டோக்காரரு புத்தி ஆட்டோலயேதான இருக்கும்" என்றார். மாமா அதற்கும் சிரித்தார். தலையைத் தடவிக்கொண்டு இலை எடுக்க எழுந்து போனார். அவர் எடுக்கவேண்டிய இலைகள் இல்லை அவை.

நான் சமையல்கட்டுக்குப் போனேன். அக்கா மீந்த சாம்பாரைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். "அக்கா, இனிமே அந்தக் கதயச் சொல்லாத" என்றேன். ஏன் என்று கேட்பாள், சொல்லிவிடவேண்டியதுதான் என்று தயாராக இருந்தேன். அவள் கேட்கவில்லை. "அந்தப் போன்ல பேசனது மாமா இல்லக்கா" என்றேன்.

அவள் கரண்டியைக் கழுவி வைத்தாள்.

"அந்த வருஷம் அவருக்கு ஏதுடா போனு?" என்றாள்.

இத்தனை வருஷமும் அந்தக் கதையைக் கேட்ட யாருக்கும் தோன்றாத கேள்வி, எனக்கே தோன்றாத கேள்வி.

"எப்ப தெரியும்?"

"அவர ஏசிக்கினு இருந்தப்பவே ஒரு நாளு தோணிச்சி. கேட்டேன். எந் தலையில அடிச்சி சத்தியம் வாங்கிட்டாரு, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு. சரி, உன் வாயாலயே வருட்டும்னுதான் நீ இருக்கற எடமாப் பாத்து அந்தக் கதயச் சொன்னேன். ஒவ்வொரு தடவயும் உம் மூஞ்சியத்தான் பாப்பேன்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீ சிரிப்ப."