முளைப்பாரி அறையில் ஒரு சண்டை

மருமகள் பாசிப்பயறை ஈரத்துணியில் கட்டிவைக்கிறாள். மறுநாள் அவிழ்த்தால் ஒரு பச்சை வாடை. அவள் எலுமிச்சை பிழிந்து தின்கிறாள். என் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். முளைப்பாரி வளர்த்த வீட்டில் குடியிருந்தவளுக்கு அதைத் தின்ன மனசு வருமா?

அறுபதுகளின் கடைசியில் மானகிரியில் டீச்சராக இருந்தேன். ராக்கம்மாக்கா வீட்டின் முன்கட்டில் குடியிருப்பு. மாரியம்மன் திருவிழாவுக்கு ஊர்ப்பெண்களின் முளைப்பாரிச் சட்டிகள் எல்லாம் அந்த வீட்டு இருட்டறையில்தான் வளரும். அக்கா மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பார். முளை செழித்தால் ஊர் செழிக்கும் என்பது நம்பிக்கை.

ஒரு வருஷம் ஊருக்கே சந்தேகம் வந்துவிட்டது. முந்தின கோடையில் அக்காவின் ஒரே மகள் பூவாயி, என் வகுப்புப் பிள்ளை, பெரியம்மையில் போய்விட்டாள். அம்மை என்றால் அந்த ஆத்தா போட்ட முத்து அல்லவா? பிள்ளையைப் பறித்தவளுக்கு இவர் எப்படிப் பயிர் வளர்ப்பார்?

"வயித்தெரிச்சல்ல வெந்நியக் கிந்நிய ஊத்திப்புட்டா? நீங்க அங்கனதான இருக்கீக டீச்சர், ஒரு கண்ணு வச்சுக்கங்க" என்றார்கள் கிணற்றடியில்.

பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் நடத்துகிறவள்தான் நான். இருந்தும் துப்பறியக் கிளம்பிவிட்டேன். அக்கா செம்பைக் கீழே வைத்த நேரம் பார்த்து விரலை விட்டேன். பச்சைத் தண்ணீர். அப்போதும் சந்தேகம் தீரவில்லை. கதவைச் சாத்தியதும் உள்ளே முணுமுணுப்பு வேறு. செய்வினை ஏதும் வைக்கிறாரோ? இடுக்கில் காதை வைத்தேன்.

"எம் புள்ளையத் தின்னவதானடி நீ? ஏங் கையால தண்ணி கேக்க ஒனக்கு வெக்கமாயில்ல? இந்தா, குடி. ஒன்னைய விட்டா நான் யார்ட்டப் போயிச் சண்டை போடுவேன்?"

பிறகு தண்ணீர் தெளிக்கும் சத்தம். கிணற்றடியில், "பச்சத் தண்ணிதான்" என்று மட்டும் சொன்னேன். முளை அந்த வருஷம் முழங்கை உயரம்!

சண்டை வருஷா வருஷம் தொடர்ந்தது. எழுபதுகளின் பின்பாதியில் ஒரு திருவிழாச் சமயம், பெரியம்மை இனி நம் நாட்டிலேயே கிடையாதாம் என்று பேப்பர் பார்த்துச் சொன்னேன். அக்கா செம்போடு அறைக்குள் போனார். பழைய புத்தி போகுமா, நானும் கதவோரம் போய் நின்றேன். வசவே இல்லை. ஆத்தாவைக் கைகழுவிவிட்டாரோ? வெகுநேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"இந்த எரக்கம் கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதா, ஆத்தா?"

அக்கா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. வீட்டை வாங்கியவர்கள் அந்த இருட்டறைக்கு ஜன்னல் வைத்துவிட்டார்களாம்.