சுண்ணாம்புப் பொடியில் இரண்டு கடற்கரை

பள்ளிக்கூட உதவியாளர் வேலை என்றால் மணியடிப்பது, தண்ணீர்த் தொட்டி நிரப்புவது என்று நம்பித்தான் சேர்ந்தேன். கண்மாயே காய்ந்து கிடக்கும் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் கடற்கரை போடச் சொல்வார்கள் என்று யார் கண்டது? உங்களுக்கும் இப்படிச் சம்பந்தமில்லாத வேலை தலையில் விழுந்திருக்கும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

கோடு

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் டீச்சர் மைதானத்தில் இரண்டு கோடு போடச் சொன்னார். ஒன்று பாண்டியர் காலத்துக் கடற்கரை. குதிரைக் கப்பல்கள் வந்து நின்ற பழைய காயல் துறைமுகம் அப்போது அதன் ஓரத்தில் இருந்ததாம். இன்னொன்று இன்றைய கரை, கிழக்கே தள்ளி. ஓட்டப்பந்தயத்துக்குப் போடும் அதே சுண்ணாம்புப் பொடிதான். நானே யோசித்து, பக்கத்தில் ‘அப்போது’, ‘இப்போது’ என்று எழுதியும் வைத்தேன். “கடல் ஏன் டீச்சர் நகந்துச்சு?” என்று ஓர் ஆசையில் கேட்டேன். நாற்பது பிள்ளைகள் முன்னால் அவர் சொன்னார்: “அஞ்சாங்கிளாஸோட நின்னவுகளுக்கு அதெல்லாம் எதுக்கு? நீங்க கோட்டை மட்டும் போடுங்க.”

ஓய்வு பெற எனக்கு எட்டு மாதம் இருந்தது. அதற்குள் அதே நாற்பது பிள்ளைகள் முன்னால் இவர் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வண்டல்

ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித்தான் துறைமுகம் தூர்ந்தது, கடல் விலகியது என்று டீச்சர் விளக்கினார். பொடித் தட்டோடு ஓரமாக நின்று ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் பக்கம் கண்மாயில் ஒரு டிராக்டர் வண்டல் அள்ள தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டும். பக்கத்து ஊரான பரளச்சிப் பையன் ஒருவனுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவனை இடித்துக் கேட்டான்: “ஏலே, அம்புட்டு வண்டலு! ஒரு லோடு கூட அள்ளாமயா விட்டாக?”

பட்டா

மறுநாள் அந்தப் பையனின் அப்பா வந்தார். பாடத்தில் அவர் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று: கடல் விட்டுப்போன இடம் அங்கே கிடக்கிறது. என்னிடம்தான் முதலில் விசாரித்தார். நான் டீச்சரைக் கை காட்டிவிட்டேன். செய்தது தப்புதான், வருத்தமில்லை.

அதெல்லாம் பல நூறு வருஷத்துக்கு முந்திய சங்கதி என்று டீச்சர் அரைமணி நேரம் தொண்டை வறளச் சொன்னார். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பையனின் அப்பா சொன்னார்: “எல்லாஞ் சரித்தான் டீச்சர். இப்பப் பட்டா யாரு பேர்ல இருக்கு? அத மட்டும் சொல்லுங்க, நான் போயிப் பேசிக்கிறேன்.”

அதிகாரி

பாடம் நடத்துவதைப் பார்க்க அதிகாரி வந்த அன்று, வழக்கமான இடத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நான் வேறு மூலையில், வேறு வாக்கில் கோடுகளைப் போட்டேன். எழுத்து எதுவும் எழுதவில்லை. சொன்னதைத்தானே செய்தேன்?

“இதுல எது பழைய கரை?” என்றார் அதிகாரி. டீச்சர் இந்தக் கோட்டைப் பார்த்தார், அந்தக் கோட்டைப் பார்த்தார். பிள்ளைகள் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் டீச்சர் என் பக்கம் திரும்பி, “அண்ணே, எது எதுன்னு நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்” என்றார். அவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அன்றுதான்.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை குளிர்ந்தது. பழைய கரை, புதிய கரை, ஆறு, வண்டல், குதிரை இறங்கிய துறை என்று ஒன்று விடாமல் சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அதிகாரி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, டீச்சரிடம் போய்க் கை கொடுத்தார்: “உதவியாளருக்கே இம்புட்டுப் புரிய வச்சிருக்கீங்கன்னா, டீச்சர்னா நீங்கதாம்மா!”

கடல் விலகிப்போகப் பல நூறு வருஷம் ஆனதாம். விலகிப்போன என் கோபம் பழைய கரைக்கே வந்துசேர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.