போட்டோவுக்குப் போட்ட பெல்ட்

சவரிமுத்து அண்ணன் விழுந்த செய்தி காண்ட்ராக்டர் அலுவலக போனுக்குத்தான் வந்தது. எடுத்தவள் நான், அங்கே டைப்பிஸ்டாக இருந்தேன். "அக்கா, மில்லுக் கூரையில ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு ஒடஞ்சு சவரியண்ணன் கீழ விழுந்துட்டாரு. பேச்சு மூச்சில்ல."

காண்ட்ராக்டரிடம் சொன்னேன். உயிர் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. பீரோவைத் திறந்து, பாலிதீன் உறையில் இருந்த சேஃப்டி பெல்ட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். பெரியாஸ்பத்திரிக்கு அண்ணனின் உடல் வந்தபோது அது அவர் இடுப்பில் இருந்தது.

மறுநாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லறைத் தோட்டம்வரை காண்ட்ராக்டர் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதில் அண்ணன் பெல்ட் மாட்டிச் சிரிக்கிறார். போலீசிடமும் அதையே காட்டி, "குடுத்தோம் சார், கொக்கி மாட்டாம ஏறிட்டான்" என்றார்.

அந்தப் படம் எடுத்தபோது பக்கத்தில்தான் நின்றேன். தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்குக் காட்டுவதற்காக அலுவலக வாசலில், தரையில் நிறுத்தி எடுத்தது. "ஏம்மா, கல்யாணத்துக்குக்கூட எனக்கு இம்புட்டு அலங்காரம் இல்ல" என்றார் அண்ணன். "எடுத்தாச்சுல்ல, கழட்டுய்யா, அழுக்காயிரும்" என்றார் காண்ட்ராக்டர். அண்ணனோடு கூரையேறியவர்களே, அந்த பெல்ட்டை என்றைக்காவது மேலே பார்த்திருக்கிறீர்களா?

என் மகள் தவழத் தொடங்கியபோது மாடிவீட்டில் எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு ஞாயிறு, அண்ணன் பூசை முடிந்த கையோடு வந்து படிவாசலில் கம்பித் தடுப்பு அடித்தார். "காப்பி ஆறுதுண்ணே." "ஆறட்டும்." முழு உடம்பையும் சாய்த்து உலுக்கிப் பார்த்த பிறகே டம்ளரைத் தொட்டார். "பச்சப்புள்ள விழுந்தா யாரும்மா பதில் சொல்றது?"

அடக்கம் முடிந்து காண்ட்ராக்டர் என் வீட்டுக்கு வந்தார். அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கும் ஒரு புள்ள இருக்கு, பாத்து நடந்துக்க" என்றார். பயந்துபோனேன். முப்பதாம் நாள் பூசையும் கழிந்து இவ்வளவு தாமதமாக எழுதுவது அதனால்தான்.

பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்த ஆளை விடுவதாக இல்லை. வேலையை விட்டுவிட்டேன். விசாரணையில் சாட்சி சொல்லப் போகிறேன். ஒரு போஸ்டரைத் தண்ணீர் தொட்டுக் கிழியாமல் உரித்து வைத்திருக்கிறேன். அண்ணனின் காலடியில் அலுவலக வாசற்படி தெளிவாகத் தெரிகிறது. ஊரறிய ஒட்டினாரே, ஊரறியவே தலைகுனிந்து நிற்கட்டும். அதைப் பார்க்க மகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன்.

அண்ணன் என்னிடம் விட்டுப்போனது அந்தத் தடுப்பும் ஒரு கேள்வியும். தடுப்பு என் மகளுக்கு. கேள்வியை அந்த ஆளின் முகத்துக்கு நேரே கேட்க வைத்திருக்கிறேன்: விழுந்தா யாருய்யா பதில் சொல்றது?