கீழே யாரும் இல்லை

"சார், கரை அடியில கசியுது. கட்டிலுக்குக் கீழ தண்ணி வந்துட்ச்சி."

மூன்றாம் நாள் மழையில், காலையிலேயே வந்த போன். பேசியவர் தனபால். கிளியனூர் பக்கம் அவருடைய நிலத்தில், மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, தண்ணீர் தேக்க அவருடைய அப்பா ஓடையை மறித்துப் போட்ட மண் அணை இருக்கிறது. அணைகளைச் சோதிக்கும் இன்ஜினியர் நான்; போன மாதம்தான் அதைப் பார்த்து 'லோ ஹஸார்டு', ஆபத்து குறைவு, என்று கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"யார் கட்டில்?"

"என்துதான்."

"யாரும் இல்லன்னு சொன்னீங்களே?"

"ஆமாங்க. நான் மட்டுந்தான்."

உடனே கிளம்பினேன்.

வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கரையின் பலத்தைப் பார்த்து இந்த வகை பிரிப்பதில்லை. உடைந்தால் கீழே யாருக்கு ஆபத்து என்பதுதான் கணக்கு. எங்கள் படிவப்படி ஒரே உயிர் இருந்தாலும் 'ஹை'; வருடாவருடம் இன்ஸ்பெக்ஷன். அன்றைக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டதற்கு அவர், "யாரும் இல்ல சார். பசங்க சென்னைக்குப் பூட்டாங்க. ஊர்ல வூடு பூட்டிக் கெடக்குது" என்றார். கரைக்குக் கீழே தெரிந்த கொட்டகையை மோட்டார் கொட்டகை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். இறங்கிப் பார்க்க நூறடி நடக்க வேண்டும். பசி வேறு. நடக்கவில்லை.

போய்ச் சேர்ந்ததும் கசிவுத் தண்ணீரை அவருடைய டம்ளரில் பிடித்தேன். தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கலாக இருந்தது. கரையைத் தண்ணீர் உள்ளுக்குள் அரிக்கிறது என்று அர்த்தம்.

"ஜல்தியா மேல வாங்க."

அவர் நகரவில்லை. கொட்டகைக்குப் பின்னால் சிமெண்ட் பூசிய ஒரு சமாதி.

"என் சம்சாரம் சார். தனியா வுட்டுட்டு எங்க போறது?"

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஊரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். மதகைத் திறந்து தண்ணீரை இறக்கினோம். கசிவின் மேல் மணலும் அதன் மேல் ஜல்லியும் கொட்டினோம். சாயங்காலம் டம்ளரில் தண்ணீர் தெளிந்தது. மறுவாரம் கொட்டகையை மேட்டுக்கு மாற்றினார்கள். சமாதி அங்கேயே இருந்தது.

தினமும் விளக்கு வைக்கக் கீழே இறங்குவார் என்பதால் 'ஹை' என்று திருத்தினேன். வருடாவருடம் போனேன். "இந்த வருசமும் வந்துட்டீங்களே" என்று அவித்த மல்லாட்டையைத் தட்டில் வைப்பார். அந்தக் கரைக்கு அரை மணி போதும். நான் மதியம் வரை உட்கார்ந்திருப்பேன். எனக்கும் வீட்டில் பேச ஆள் இல்லாமல் போயிருந்தது.

இப்போது ஓய்வு பெற்றுத் திண்டிவனத்தில் இருக்கிறேன். போன வாரம் காய்ச்சல் கணக்கெடுக்க வந்த பெண், "வூட்ல யாரெல்லாம் இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா."

எழுதிக்கொண்டு போய்விட்டாள். கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போய் அவளைப் பிடித்தேன்.

"ஒருத்தர்னு திருத்திக்கம்மா" என்றேன்.